இறந்தவருக்குக் கல், இறைவனுக்குச் செங்கல்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், படப்பையைத் தாண்டி ஒரகடத்துக்கு முன்பாக வருவது சேரப்பணஞ்சேரி. ஏரி, ஏரிக்குக் கீழே நஞ்சை, நஞ்சைக்கு அப்பால் செம்மண்ணும் சரளையுமான மேடு என்பதே இந்த வட்டாரத்து ஊர்களின் பழைய அமைப்பு. மேடுகளில் பெரும்பகுதி இப்போது சிப்காட் தொழிற்பேட்டைகளாகவும் கார் ஆலைகளாகவும் ஆகிவிட்டது. வேளாண்மைக்கு உதவாதது என்று ஒதுக்கப்பட்டிருந்த அந்த மேட்டுச் சரளைதான் வடதமிழகத்தின் மிகப் பழைய ஆவணம். கொசஸ்தலை ஆற்றுக்கும் பாலாற்றுக்கும் இடைப்பட்ட இந்த நிலத்தில் மனிதர் முதலில் கல்லை உடைத்துக் கருவியாக்கினார்கள். பிறகு கல்லை நட்டு இறந்தவருக்கு இடம் செய்தார்கள். அதற்கும் வெகுகாலம் கழித்தே கல்லைக் குடைந்து கடவுளைக் குடிவைத்தார்கள். இந்த மூன்றாவது வேலை ஏன் அவ்வளவு தாமதமாயிற்று என்பது தமிழகச் சமய வரலாற்றின் அடிப்படையான கேள்விகளுள் ஒன்று.

சரளைக் குழியில் ஒரு கோடரி

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், சேரப்பணஞ்சேரிக்கு வடகிழக்கே உள்ள பல்லாவரத்தில், படை முகாமை ஒட்டிய ஒரு சரளைக் குழியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லை எடுத்தார். அவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் நிலவியலாளர், அப்போது முப்பது வயது நிரம்பாதவர். ஸ்ரீபெரும்புதூர் பகுதியின் பழம்பாறைப் படிவுகளை ஆராய்ந்து, அவற்றுக்கு அந்த ஊரின் பெயரையே வழங்கியவரும் அவரே. குழியில் கிடைத்தது மனிதக் கை செதுக்கிய கருவி என்பது அவருக்கு உடனே விளங்கிற்று. அதற்குக் காரணம் இருந்தது. பிரான்சின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்த அதே வகைக் கற்கள் பழங்கால மனிதரின் கருவிகளே என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டு அப்போது நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. உலகம் தோன்றியே ஆறாயிரம் ஆண்டுதான் என்ற விவிலியக் கணக்கு அங்கே ஆட்டம் கண்டிருந்த நேரத்தில், இந்தியாவின் முதல் பழங்கற்காலக் கருவி பல்லாவரத்துச் சரளையிலிருந்து வெளியே வந்தது.

அந்த வகைக் கருவியைத் தொல்லியலார் கைக்கோடரி என்கிறார்கள். கோடரி என்றாலும் அதற்குக் காம்பு இல்லை. உள்ளங்கைக்குள் அடங்குவதும் உண்டு, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய அளவிலும் உண்டு. அடிப்பக்கம் தடித்து, நுனி கூம்பி, கொய்யாப்பழத்தைத் தட்டையாக்கியது போன்ற உருவம். இரு முகங்களிலும் சில்லுகள் பெயர்ந்த பள்ளங்கள் வரிசையாக இருக்கும். ஒரு முகத்தில் அடித்துச் சில்லு எடுத்தபின் கல்லைத் திருப்பி, அந்தப் பள்ளத்தின் விளிம்பையே அடுத்த அடிக்குத் தளமாகக் கொண்டு மறுமுகத்தில் அடித்திருக்கிறார்கள். இப்படி மாறிமாறி அடிக்கும்போது இரண்டு பக்கமும் சரிசமமான வடிவம் வர வேண்டுமானால், முதல் அடிக்கு முன்பே முடிந்த உருவம் மனத்தில் இருந்தாக வேண்டும். லட்சக்கணக்கான ஆண்டுகள் சரளையில் கிடந்ததால் பல கருவிகளின் மேல் செம்மண் நிறம் ஊறிப் படிந்திருக்கிறது. கல் பெரும்பாலும் குவார்ட்சைட். அல்லிக்குழி, சத்தியவேடு குன்றுகளில் கூழாங்கற்கள் இறுகிப்போன திரள்பாறைகள் உண்டு. அவை சிதைந்து ஓடைகளில் உருண்டுவந்த கற்களே இந்தத் தொழிலுக்கு மூலப்பொருள். இந்தியத் தொல்லியலில் இக்கருவி மரபுக்கு நெடுங்காலம் மதராஸ் கைக்கோடரி மரபு என்றே பெயர்.

பல்லாவரம் தொடக்கம் மட்டுமே. அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட்டும் அவருடைய சக நிலவியலாளர் வில்லியம் கிங்கும் கொசஸ்தலைப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தை அடைந்தார்கள். அங்கே ஓடைக்கரையில் கருவிகள் குவியலாகக் கிடந்தன. ஒன்றரை நூற்றாண்டுக்குள் பலர் அந்த இடத்தை ஆராய்ந்தாலும், அதன் வயதைத் திட்டமாகச் சொன்னது சர்மா மரபுக் கல்வி மையத்தின் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழு 1999 முதல் நடத்திய அகழாய்வு. 2011இல் வெளியான முடிவின்படி, அத்திரம்பாக்கத்தின் அடிமண்ணிலிருந்த கைக்கோடரிகளின் வயது குறைந்தது 10.7 லட்சம் ஆண்டுகள், சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள்.

இந்தக் கணக்கு எப்படிப் போடப்பட்டது என்பதும் அறியத் தக்கது. நிலத்தின் மேல் கிடக்கும் படிகக்கல்லில் விண்வெளிக் கதிர்கள் பட்டுப்பட்டு பெரிலியம்-10, அலுமினியம்-26 என்ற இரண்டு கதிரியக்க அணுவகைகள் மிகச் சிறிய அளவில் உண்டாகும். கல் ஆழமாகப் புதைந்ததும் கதிர் படுவது நின்றுபோகும். அதன்பின் இரண்டும் சிதையத்தான் செய்யும், ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. அலுமினியம் விரைவாகவும் பெரிலியம் மெதுவாகவும் குறைகின்றன. எஞ்சியிருக்கும் விகிதத்தை அளந்தால் கல் எப்போது மண்ணுக்குள் போனது என்று தெரிந்துவிடும். பூமியின் காந்தத் துருவங்கள் கடைசியாக இடம் மாறியது 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அத்திரம்பாக்கத்து அடிமண்ணில் உறைந்திருந்த காந்தத் திசை அதற்கு முந்தைய தலைகீழ் நிலையைக் காட்டியது. ஒன்றையொன்று சாராத இரண்டு சாட்சிகளும் ஒரே திசையில் கைகாட்டின.

அதே குழு 2018இல் வெளியிட்ட இரண்டாவது முடிவு, அங்கு வாழ்ந்தோர் சுமார் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெரிய கைக்கோடரியை மெல்லக் கைவிட்டு, முன்கூட்டியே வடிவமைத்த கல்லிலிருந்து மெல்லிய சில்லுகளை எடுக்கும் புதிய முறைக்கு மாறினார்கள் என்றது. நவீன மனிதர் ஆப்பிரிக்காவிலிருந்து பரவியபோது கொண்டுவந்த தொழில்நுட்பம் இது என்று சொல்லிவந்த விளக்கத்துக்கு இந்தக் காலக்கணக்கு இடம் கொடுக்கவில்லை. விலங்குகளின் பற்படிவங்களும் குளம்புத் தடங்களும் கிடைத்த அந்த இடத்தில் மனித எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய மனித மண்டையோட்டுப் பகுதி, 1982இல் நர்மதைக் கரையின் ஹத்னோராவில் கண்டெடுத்ததே. ஆகவே தொண்டை நாடு எனப்படும் இந்த நிலத்தின் முதல் மனிதரை அவர்களுடைய கைவேலையால் மட்டுமே அறிய முடிகிறது. அவர்கள் இறந்தவர்களை என்ன செய்தார்கள், எதை வணங்கினார்கள் என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. உலகில் வேண்டுமென்றே செய்த அடக்கம் என்று உறுதியாகச் சொல்லத்தக்க மிகப் பழையவை, இஸ்ரேலின் கஃப்சே, ஸ்கூல் குகைகளில் கண்டவை. அவற்றின் வயது சுமார் ஒரு லட்சம் ஆண்டு.

வேடரும் விதைத்தவரும்

அடுத்து வந்த நெடுங்காலத்துக்குச் சான்றுகள் சிதறலாகவே உள்ளன. கருவிகள் சிறுத்தன. விரல் நகத்தளவு கல் அலகுகளை மரத்திலோ எலும்பிலோ வரிசையாகப் பொருத்தி அம்பும் அரிவாளும் செய்தார்கள். ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டம் 2022இல் அகழாய்வு நடத்தியபோது, சங்ககாலத்தைச் சேர்ந்த செங்கல் கட்டுமானமும் அதற்கும் கீழே கற்கருவிகளும் வெளிப்பட்டன. செங்கல்லை அடுக்கியவர்களுக்குத் தங்கள் அடித்தளத்துக்குக் கீழே என்ன இருந்தது என்று தெரிந்திருக்க வழியில்லை. ஒரே குழியில், ஓர் ஆள் உயரத்துக்குள், வேட்டைக்காரர் காலமும் வணிகர் காலமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன.

பயிர்செய்து ஓரிடத்தில் தங்கிய முதல் ஊர்கள் வடதமிழகத்தின் மலையடிவாரங்களில் தோன்றின. திருப்பத்தூருக்கு அருகிலுள்ள பையம்பள்ளியில் 1960களில் நடந்த அகழாய்வு, வழுவழுப்பாகத் தேய்த்த கற்கோடரிகளோடு மண்குழி வீடுகளில் வாழ்ந்த அந்த மக்களைக் காட்டியது. சுமேரில் எழுத்தும் நகரமும் தோன்றி, எகிப்தில் பிரமிடுகள் எழுந்து, சிந்துவெளியில் சுட்ட செங்கல் நகரங்கள் கி.மு. 2600 வாக்கில் செழித்தபோது தென்னகத்தில் இருந்தவை ஆடுமாடு வளர்ப்போரின் சிற்றூர்களே. இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. நகரம் வந்த பிறகுதான் சமயம் வந்தது, உபரி விளைச்சலும் அரசனும் பூசாரியும் இருந்தால்தான் பெருங்கட்டுமானம் எழும் என்று ஒருகாலத்தில் பாடநூல்கள் சொல்லின. துருக்கியின் கொபெக்லி தெப்பேயில் 1995 முதல் கிளாவுஸ் ஷ்மித் அகழ்ந்த வட்டங்கள் அந்தச் சொல்லை மாற்றின. ஏறத்தாழ கி.மு. 9500இல், மண்பானைகூடச் செய்யாத வேட்டைச் சமூகத்தார், பல டன் எடையுள்ள தூண்களைச் செதுக்கி வட்டமாக நிறுத்தியிருக்கிறார்கள். பயிர்செய்யும் முன்பே கல்லை நட மனிதர் ஒன்றுகூடியது அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. தொண்டை நாட்டுக் கல்வட்டங்கள் அதைவிடப் பல ஆயிரம் ஆண்டுகள் இளையவை, அவற்றுக்கும் இதற்கும் உறவும் இல்லை. ஆனால் இங்கும் நின்று நிலைப்பது நட்ட கல்தான், வாழ்ந்தவரின் வீடு தொலைந்துபோயிற்று.

பாண்டவர் குழிகள்

காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் இல்லாத மேடு அரிது. பல ஊர்களில் அவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். ஊர்மக்கள் அவற்றைப் பாண்டவர் குழி என்றும் பாண்டவர் வீடு என்றும், சில பக்கங்களில் குள்ளர் வீடு என்றும் சொல்வார்கள். கல்பலகைகளால் ஆன சிறு அறையைப் பார்த்தவர்கள் அது வனவாசத்தில் பாண்டவர் தங்கிய இடமாகவோ, முழங்கால் உயர மனிதரின் வீடாகவோ இருக்க வேண்டும் என்று எண்ணியதில் வியப்பில்லை. பார்ப்பதற்கு அது வீடுதான். கட்டியவர்களும் அதை வீடாகவே கட்டியிருக்கிறார்கள்.

மேலிருந்து பார்த்தால் தெரிவது, பெரிய உருண்டைக் கற்கள் வட்டமாகப் பதிந்த வளையம். வட்டத்துக்குள் சிறுகற்களும் சரளையும் மேடாகக் குவிந்திருக்கும். குவியலை நீக்கிக் கீழே போனால் பலகையான மூடுகல் வரும். அதன் அடியில் சில இடங்களில் நான்கு பலகைக்கற்களை நிறுத்திச் செய்த கற்பதுக்கை. ஒரு பலகையில் வட்டமான இடுதுளை விட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் கிழக்குப் பார்த்தது. வேறு சில இடங்களில் பதுக்கை இருக்காது, மண்ணைத் தோண்டி முதுமக்கள் தாழியை இறக்கியிருப்பார்கள். செங்கல்பட்டு வட்டாரத்துக்கே உரிய சிறப்பு மூன்றாவது வகை: சுடுமண்ணால் செய்த ஈமப்பேழை. தொட்டில் போல நீண்டு, அடியில் இரண்டு வரிசையாகக் குட்டைக் கால்கள் கொண்டது. அலெக்சாண்டர் ரீ 1880களில் பல்லாவரக் குன்றுப் பகுதியில் இப்படிப்பட்ட பேழைகளைக் கண்டெடுத்தார். ஃபூட் கைக்கோடரி எடுத்த அதே ஊர்.

உள்ளே இருப்பவை முழு உடல்களாக இருப்பது குறைவு. உடலை முதலில் வேறிடத்தில் விட்டோ புதைத்தோ, சதை போனபின் எலும்புகளைப் பொறுக்கி எடுத்துவந்து அடக்கம் செய்வது பரவலான வழக்கம். மண்டையோடும் கைகால் எலும்புகளும் ஓரிடத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டிருக்கும். ஒரே குழியில் ஒன்றுக்கு மேற்பட்டவரின் எலும்புகளும் உண்டு. கூடவே கலங்கள். உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமாக மின்னும் கருப்பு-சிவப்புப் பானைகள், கிண்ணங்கள், அவற்றைத் தாங்கும் பிரிமணைகள். பிறகு இரும்பு: வாள், வேல், அம்பு முனை, கோடரி, அரிவாள், உளி. போரிடும் கருவியும் வயலில் அறுக்கும் கருவியும் ஒரே குழியில் கிடக்கின்றன. பானைகளில் சோறோ தானியமோ வைத்திருக்க வேண்டும் என்ற ஊகத்துக்குத் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை உறுதி தந்தது. அங்கே ஒரு தாழிக்குள் இருந்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 என்று கணிக்கப்பட்டது. இறந்தவருக்குப் பசிக்கும் என்று நம்பியவர் வைத்த நெல் அது. தமிழ்நாட்டில் ஒரு நம்பிக்கையைக் கையால் தொட்டுப் பார்க்க முடிகிற மிகப் பழைய பொருள்களில் அதுவும் ஒன்று.

மதுராந்தகத்தை அடுத்த சானூரில் என்.ஆர். பானர்ஜியும் கே.வி. சௌந்தரராஜனும் 1950லும் 1952லும் நடத்திய அகழாய்வு, இந்த வட்டாரத்து ஈமச் சின்னங்களை முறையாகத் திறந்து பதிவுசெய்த முதன்மையான பணி. சிறிது முன்பு, வி.டி. கிருஷ்ணசாமி செங்கல்பட்டுப் பகுதியை நடந்து ஆராய்ந்து, தென்னிந்தியப் பெருங்கற்சின்னங்களுக்கு வகைப்பெயர்களை வரையறுத்தார். அவர் கவனித்த ஓர் அமைப்பு இன்றும் எந்த ஏரிக்கரையில் நின்றாலும் விளங்கும். ஈமச் சின்னங்கள் இருப்பது பாறையும் சரளையுமான மேட்டில், அதன் அடியில் நீர் தேங்கும் பள்ளம், பள்ளத்துக்குக் கீழே நெல் விளையும் நிலம். விளைநிலத்தில் ஒரு முழம்கூடக் கல்லறைக்குக் கொடுக்காத மக்கள் இவர்கள். நீரைத் தேக்கிப் பயிர்செய்யத் தெரிந்தவர்கள் என்பதும் இதிலிருந்தே பெறப்படும். ஏரி, நஞ்சை, மேடு என்ற சேரப்பணஞ்சேரி வட்டாரத்தின் நில ஒழுங்குக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

இவற்றின் காலம் பின்னோக்கியே நகர்ந்துகொண்டிருக்கிறது. 1947இல் கர்நாடகத்துப் பிரம்மகிரியில் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், அங்குள்ள பெருங்கற்சின்னங்களைக் கி.மு. 200 வாக்கில் வைத்தார். இன்று தென்னிந்தியப் பெருங்கற்காலம் கி.மு. முதலாயிரம் ஆண்டுகளையும் அதற்கு முன்பையும் தழுவியது என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. இரும்போ அதற்கும் பழையது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை இரும்புக்குக் கி.மு. 2172 என்று 2022இலும், சிவகளை இரும்புக்குக் கி.மு. 3345 என்று 2025 ஜனவரியிலும் தமிழ்நாடு அரசு காலம் அறிவித்தது. பானைகளின் மேலுள்ள கீறல் குறியீடுகளும் விவாதப் பொருளே. அவற்றில் பல சிந்துவெளிக் குறியீடுகளை ஒத்திருப்பதை 1960இல் பி.பி. லால் எடுத்துக்காட்டினார். ஒத்திருக்கிறது என்பது உண்மை. அதனால் ஒரே மொழி, ஒரே மக்கள் என்று முடிவுகட்டுவதற்குக் குறியீடுகள் மட்டும் போதா.

மூடுகல்லை நகர்த்திவைக்க எத்தனை பேர் வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் அந்தச் சமூகம் கண்முன் வரும். பாறையைப் பிளக்கும் ஆள், உருட்டும் ஆள், இரும்பு காய்ச்சும் கொல்லன், தாழி வனையும் குயவன், இவ்வளவு பேருக்கும் சோறு போடும் குடும்பம். எல்லாருக்கும் இப்படி அடக்கம் கிடைத்திருக்க முடியாது. சில குழிகளில் பொருள் மிகுதி, சிலவற்றில் நான்கைந்து பானை மட்டுமே. ஆதிச்சநல்லூரில் ரீ 1899க்கும் 1905க்கும் இடையே எடுத்த பொன் நெற்றிப்பட்டங்கள் யாரோ சிலர் தலையில்தான் இருந்தன. செல்வமும் மதிப்பும் சிலரிடம் குவியத் தொடங்கியதை வீடுகள் அல்ல, கல்லறைகளே காட்டுகின்றன. களிமண்ணும் பனையோலையுமான வீடுகள் மழையில் கரைந்துபோயின.

நடுகல்லும் கந்தும்

இலக்கியம் பேசத் தொடங்கும் காலத்தில் இந்த வழக்கங்கள் உயிரோடு இருந்தன. கணவனை இழந்தவள் குயவனிடம், தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனையச் சொல்லும் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. சுடுதல், புதைத்தல், தாழியில் கவித்தல் முதலாக ஐந்து வழக்கங்கள் காஞ்சியோடும் தொடர்புடைய மணிமேகலையில் ஒரே சுடுகாட்டில் அருகருகே நடக்கின்றன. பல குலத்தார், பல நம்பிக்கையினர் ஒரு நகரத்தில் கலந்துவிட்டதன் அடையாளம் அது.

ஈமக் கல்லுக்கு வழிபாடு சேர்ந்தபோது நடுகல் பிறந்தது. ஆநிரை மீட்கும் பூசலில் விழுந்தவனுக்குக் கல் தேர்ந்து, நாள் குறித்து, நீராட்டி, நட்டு, படையல் இட்டு, வாழ்த்துவது வரையான ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுக்கிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழிக் கல்வெட்டுள்ள நடுகற்கள் இவ்வழக்கத்தின் பழமைக்குச் சான்று. கல்லுக்கு நீராட்டும் பூவும் படையலும் முதலில் கிடைத்தது இறந்த வீரனுக்கே. பிற்காலக் கோயிலில் மூலவருக்கு நடக்கும் சடங்கின் உறுப்புகள் அனைத்தும் நடுகல்லின் முன் ஏற்கெனவே இருந்தன என்பது தற்செயல் ஆகாது.

வாழும் கடவுளர் அப்போது கல்லில் இல்லை. மன்றத்தில் நட்ட மரத்தூணான கந்தில் இருந்தார்கள். கடம்ப மரத்தில், சுனையில், மலையில் அணங்காக இருந்தார்கள். வேலன் வெறியாடும்போது அவன் மேல் வந்து இறங்கினார்கள். கோயில் கட்டியபோது செங்கல்லும் மரமும் சுதையும் கொண்டு கட்டினார்கள். 2004 டிசம்பர் ஆழிப்பேரலை மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் ஒரு பாறைக் கல்வெட்டை வெளிக்கொணர்ந்தது. அதைத் தொடர்ந்து 2005இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது முருகன் கோயில் ஒன்று கிடைத்தது. மேலே பல்லவர் காலத்துக் கருங்கல் பணி, அதற்குக் கீழே சங்ககால அளவுள்ள பெரிய செங்கற்களால் ஆன வடக்குப் பார்த்த கருவறை. வாசலில் ஒரு கல்வேல்.

வடக்கிலிருந்து சமணமும் பௌத்தமும் வந்து சேர்ந்தது இந்த நிலத்தில்தான். கங்கைச் சமவெளியில் கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டுகளில் மகாவீரரும் புத்தரும் கொல்லாமையையும் துறவையும் போதித்தபோது, தொண்டை மண்டலத்து மேடுகளில் கல்வட்டங்கள் இன்னும் எழுந்துகொண்டிருந்தன. அசோகரின் கல்வெட்டுகள் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் பெயர்களைச் சொல்கின்றன. கி.மு. 2ஆம் நூற்றாண்டளவில் மதுரைப் பக்கத்து மாங்குளம் குகையில் சமண முனிவருக்குக் கற்படுக்கை வெட்டித் தமிழில் எழுதிவைத்தார்கள். காஞ்சியை ஒட்டிய திருப்பருத்திக்குன்றம் சமணர் ஊராயிற்று. அங்கிருந்த வஜ்ரநந்தி என்ற சமண ஆசிரியருக்குப் பல்லவன் சிம்மவர்மன் கொடை அளித்ததைப் பள்ளன்கோயில் செப்பேடு கூறுகிறது. சுமார் கி.பி. 640இல் வந்த சீனத் துறவி யுவான் சுவாங், காஞ்சியில் நூறளவு பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவியரும், எண்பது தேவர் கோயில்களும், நிர்க்கிரந்தர் எனப்பட்ட சமணர் திரளாகவும் இருந்ததாக எழுதினார். நாளந்தாவின் தலைவராக இருந்த தர்மபாலர் பிறந்ததும் காஞ்சியிலேயே. இவர்களுடைய மடங்களும் பெரும்பாலும் செங்கல் கட்டடங்களாக இருந்ததால் இன்று தரைக்கு மேல் அதிகம் மிஞ்சவில்லை.

கல் கடவுளிடம் வந்த கதை

7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டில் ஒரு பாறையைக் குடைவித்தான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டில் பெருமிதத்தோடு பொறித்துவைத்தான். எதைக் கொண்டு கட்டினேன் என்று சொல்வதே வழக்கம். எவையெல்லாம் இல்லாமல் கட்டினேன் என்று ஓர் அரசன் பட்டியலிடுகிறான் என்றால், பார்ப்பவர்கள் வியப்பார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

இதற்கு கே.ஆர். சீனிவாசன் தந்த விளக்கம் தமிழகக் கலை வரலாற்றில் முக்கியமானது. பெருங்கற்காலம் தொட்டுக் கல் இறந்தவருக்கு உரிய பொருளாக இருந்தது. பதுக்கை கல், மூடுகல் கல், நடுகல் கல். சாவோடு பிணைந்த அந்தப் பொருளால் கடவுளுக்கு வீடு கட்ட மக்கள் மனம் ஒப்பவில்லை. ஆந்திரத்திலும் தக்காணத்திலும் பல நூற்றாண்டுகளாகக் கல்லில் பௌத்தச் சின்னங்கள் எழுந்தும் தமிழகம் அதைப் பின்பற்றாததற்குக் காரணம் இதுவே என்பது அவர் வாதம். திருப்பதிக்கு அருகிலுள்ள குடிமல்லம் சிவலிங்கம் கி.மு. காலத்திலேயே கல்லில் செய்யப்பட்டது என்பதால் இந்த விளக்கத்துக்கு விதிவிலக்கு உண்டு. கடினமான கருங்கல்லைக் குடையும் தொழில்நுட்பம் வளரவேண்டியிருந்தது என்பதும் உடன் எண்ணத்தக்கது. ஆயினும், கல்லை அவ்வளவு திறமையாகப் பிளந்து நிறுத்தத் தெரிந்த மக்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அதைக் கோயிலுக்குப் பயன்படுத்தவில்லை என்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் இதுவரை சொல்லப்படவில்லை.

மாற்றம் நடந்த தடத்தைப் பல்லாவரத்தில் ஒரே இடத்தில் காணலாம். ஃபூட்டின் கைக்கோடரியும் ரீயின் ஈமப்பேழையும் கிடைத்த அந்த ஊர்க் குன்றில் மகேந்திரவர்மன் ஒரு குடைவரையும் எடுத்தான். அவனுடைய விருதுப்பெயர்கள் பல்லவ கிரந்தத்தில் அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன. பாண்டவர் குழிகளைப் போலவே இதற்கும் மக்கள் இட்ட பெயர் பஞ்சபாண்டவர் குகை. பிற்காலத்தில் அது முஸ்லிம்களின் தர்காவாகி இன்றும் வழிபாட்டில் இருக்கிறது.

மகேந்திரனின் மகன் முதலாம் நரசிம்மவர்மன், காஞ்சியை நோக்கிப் படையெடுத்த சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த களங்களில் ஒன்று மணிமங்கலம். படப்பைக்கு வடக்கே, சேரப்பணஞ்சேரிக்குப் பக்கத்திலுள்ள ஊர் அது. இந்தப் போர்களைக் குறிப்பிடும் கூரம் செப்பேடு, நரசிம்மனின் பேரன் பரமேசுவரவர்மன் காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் எடுத்த சிவன் கோயிலைப் பற்றியும் சொல்கிறது. அது குடைவரை இல்லை. கருங்கல் பலகைகளை நிறுத்தி எழுப்பிய கட்டுமானக் கோயில், தமிழ்நாட்டில் அவ்வகையில் மிகப் பழையவற்றுள் ஒன்று. நிறுத்திய கற்பலகைகளுக்கு நடுவே ஒரு சிறு அறை: பதுக்கை கட்டியவர்கள் கையாண்ட அமைப்பு கருவறையாக மாறி நிற்பதை அங்கே பார்க்க முடிகிறது. அடுத்த தலைமுறையில், 700ஐ ஒட்டி, ராஜசிம்மன் காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டினான். அதன்பின் தமிழகத்தில் கோயில் என்றால் கற்றளி என்றாயிற்று. சோழர் காலத்தில் இறந்த அரசரை அடக்கம் செய்த இடத்தின் மேலேயே சிவலிங்கத்தை நிறுவிப் பள்ளிப்படை என்று கோயில் எடுத்தார்கள். ஈமமும் கோயிலும் ஒரே கல்லின் கீழ் சேர்ந்தன.

பல்லவர் காலத்திலேயே பக்தி இயக்கம் சமண பௌத்தச் செல்வாக்கைத் தளர்த்தியது. சமணராக இருந்து சைவத்துக்குத் திரும்பிய அப்பரின் வரலாற்றையும், அவரைத் துன்புறுத்திய பல்லவ மன்னன் மனம் மாறிய செய்தியையும் விரிவாகப் பாடியவர் 12ஆம் நூற்றாண்டின் சேக்கிழார். அவர் ஊர் செம்பரம்பாக்கம் ஏரிக்கு அருகிலுள்ள குன்றத்தூர். அந்த ஊரைச் சுற்றியும் கல்வட்டங்கள் உண்டு. வைணவத்தின் பேராசிரியர் ராமானுசர் மரபுக் கணக்குப்படி 1017இல் பிறந்தது, பூதபுரி என்று பழம்பெயர் கொண்ட ஸ்ரீபெரும்புதூரில். அவர் வாழ்ந்த காலத்திலேயே அவ்வூர்க் கோயிலில் அவருடைய திருவுருவம் நிறுவப்பட்டது. அதை அவர் தாமே ஏற்றுத் தழுவியதாகக் கூறித் தானுகந்த திருமேனி என்று வைணவர் அழைப்பர். 1137இல் அவர் மறைந்தபோது உடலை ஊருக்கு வெளியே கொண்டுபோகவில்லை. திருவரங்கம் கோயில் மதிலுக்குள்ளேயே அமர்ந்த நிலையில் வைத்தார்கள். தானான திருமேனி என்று பெயர்பெற்ற அதற்கு ஆண்டுக்கு இருமுறை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சேர்த்த சாந்து பூசும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.